காலே உளியாக: ரிச்சர்ட் லாங் என்னும் சிற்பி

1967-ஆம் வருஷத்தில் ஒரு நாள், லண்டன் மாநகரத்து வாட்டர்லூ ரயில் நிலையத்தில் கலாசாலை மாணவர் ஒருவர் தென்மேற்குத் திசையில் செல்லும் வண்டியில் ஏறினார். நகரத்தின் சந்தடி பின்னே ஒதுங்கிப் பசும்புல் வெளிகள் தென்படத் தொடங்கியதும் இறங்கிக்கொண்டார். புல்வெளி ஒன்றைத் தேர்ந்து, அதன் நடுவே நேர்கோடாக இக்கோடியிலிருந்து அக்கோடிக்கும், அக்கோடியிலிருந்து இக்கோடிக்கும் நடந்தார். மீண்டும் மீண்டும் நடந்தார். காலடி பட்டுப் பட்டுப் புல் சாய்ந்தது. சாய்ந்த புல்லின்மீது வெயில் விழுந்து, பசுமையினிடையே ஒரு வெண்கோடு பளிச்சிட்டது. கையோடு கொண்டுவந்திருந்த காமிராவினால் அதைப் படம் பிடித்துக்கொண்டு ஊர் திரும்பினார். புல்லின் இயல்பு நிமிர்வது, கோடு மறைந்தது. படம் மட்டும் நிலைத்தது. 'நடந்து உண்டாக்கிய கோடு' என்ற பெயருடன் அப்படம் இன்று இருபதாம் நூற்றாண்டுச் சிற்பக் கலையின் சரித்திரத்தில் தவறாமல் இடம் பெறுகிறது.

இதைப் படிக்கும் நேயர்களுடைய முகத்தில் புன்னகை அரும்புவதை நாம் ஊகிக்க முடிகிறது. தலைச் சுமையோடு சந்தைக்குப் போகிறவளும், புத்தகப் பையோடு பள்ளிக்கூடம் போகிற பிள்ளையும் தினந்தோறும் செய்யும் காரியந்தானே இது? ஒற்றையடிப் பாதை என்று அதற்கு நாம் பெயரும் வைத்திருக்கிறோம். அதைச் சிற்பம் என்பதா? உளி எங்கே, கல் எங்கே, உருவந்தான் எங்கே?

இந்தக் கேள்விகள் நியாயமானவை. அவற்றுக்குத் தக்க விடை வேண்டுமானால், அம்மாணவரின் வாழ்க்கையைச் சற்றுத் தொடர்ந்து பார்க்க வேண்டும். அவர் பெயர் ரிச்சர்ட் லாங். அன்று தொடங்கிய நடையை அரை நூற்றாண்டுக்கு மேலாக உலகத்தின் பல கண்டங்களிலும் தொடர்ந்தவர்.

ஏவன் நதிக் கரையில்

லாங் 1945-ஆம் வருஷம் ஜூன் மாதம் இங்கிலாந்தின் மேற்குப் பகுதியிலுள்ள பிரிஸ்டல் நகரத்தில் பிறந்தார். அந்த ஊரின் அமைப்பு விசேஷமானது. ஏவன் என்னும் நதி செங்குத்தான பாறைகளுக்கிடையே ஓர் ஆழ்ந்த பள்ளத்தாக்கின் வழியாகச் செல்கிறது. மேலே பரந்த புல்வெளி. 'டவுன்ஸ்' என்று அதைச் சொல்லுவார்கள். சிறிது தூரத்தில் நதி செவர்ன் கழிமுகத்தைச் சேர்கிறது. உலகத்திலேயே மிக உயரமாகக் கடல் ஏறி இறங்கும் இடங்களில் அது ஒன்று. பெரிய வெள்ளத்துக்கும் பெரிய வற்றத்துக்கும் இடையே நீர்மட்டம் 40 அடிக்கு மேல் மாறும். கடல் வற்றும் வேளைகளில் இரு கரைகளிலும் வழவழப்பான சாம்பல் நிறச் சேறு பளபளக்கும். நீர் ஏறியதும் மறைந்துவிடும்.

பின்னாளில் உலகப் பிரசித்தி பெற்ற காட்சிச்சாலைகளின் சுவர்களிலே அவர் கையால் அள்ளிப் பூசியது பெரும்பாலும் இந்த ஏவன் சேற்றைத்தான். தோன்றுவது, மறைவது, மறுபடி தோன்றுவது என்ற பாடத்தை அவருக்கு முதலில் போதித்த உபாத்தியாயர் அந்நதியே என்று நாம் கருதினால் தவறாகாது.

பிரிஸ்டலிலுள்ள கலாசாலையில் 1962 முதல் 1965 வரை படித்தார். 1964-இல் டவுன்ஸ் வெளியில் பனி பெய்து கிடந்தது. லாங் ஒரு பனி உருண்டையை உருட்டிக்கொண்டே போனார். மற்றப் பிள்ளைகளாயிருந்தால் உருண்டையைப் பார்த்து மகிழ்ந்திருப்பார்கள். இவரோ உருண்டை சென்ற தடத்தைப் படம் பிடித்தார். பொருளைவிடப் பொருள் சென்ற சுவடு முக்கியம் என்ற எண்ணம் அப்போதே விதை கொண்டுவிட்டது.

பீடத்தை எடுத்தவரும் பொருளை எடுத்தவரும்

1966 முதல் 1968 வரை லண்டன் ஸெயின்ட் மார்ட்டின்ஸ் கலாசாலையில் லாங் பயின்றார். அக்காலத்தில் அங்கே சிற்பத் துறையில் பெரும் செல்வாக்குடன் விளங்கியவர் ஆண்டனி கேரோ. வார்ப்பு வெண்கலத்தையும் சலவைக் கல்லையும் விட்டு, இரும்பு உத்தரங்களையும் தகடுகளையும் ஒன்றோடொன்று பற்றவைத்து வர்ணம் பூசிச் சிற்பமாக்கியவர் அவர். சிலைக்கு அடியில் பீடம் வேண்டுமென்பது அதுவரை எழுதாத சட்டமாக இருந்தது. கேரோ அந்தப் பீடத்தை அகற்றிச் சிற்பத்தை நாம் நிற்கும் தரையிலேயே வைத்தார். அது பெரிய புரட்சி என்று பேசப்பட்டது.

பீடத்தை ஆசிரியர் எடுத்தார் என்றால், பீடத்தின் மேலிருந்த பொருளையே மாணவர் எடுத்துவிட்டார். மிஞ்சியவை தரையும் அதன்மேல் நடக்கும் மனிதனும். இரும்புப் பட்டறையைவிட்டு வெளியேறி, லாங் வானத்தின் கீழ் வந்து நின்றார். அவருடன் படித்த ஹாமிஷ் பல்ட்டன் என்பவரும் இதே வழியில் நடையைக் கலையாகக் கொண்டார். 1969-இல் நண்பர்கள் இருவரும் ஆப்பிரிக்காவின் கிளிமஞ்சாரோ மலைமீது ஏறினார்கள்.

படிப்பு முடிந்த 1968-ஆம் வருஷத்திலேயே ஜெர்மனியின் டுஸெல்டார்ப் நகரில் கன்ராட் பிஷர் என்பவர் நடத்திய கூடத்தில் லாங்கின் முதல் தனிக் கண்காட்சி நடைபெற்றது.

நடையின் இலக்கணம்

மனம் போன போக்கில் திரிவது வேறு. லாங்கின் நடை வேறு. செய்யுளுக்கு யாப்பு இருப்பதுபோல் அவருடைய நடைக்கும் விதி உண்டு. புறப்படுமுன்பே அந்த விதியை வகுத்துக்கொள்வார். நேர்கோடு, வட்டம், இத்தனை மைல், இத்தனை நாள் என்பவையே அவருடைய அடியும் சீரும்.

இங்கிலாந்தின் தென்மேற்கில் டார்ட்மூர் என்றொரு மேட்டு நிலம் இருக்கிறது. மரம் அருகிய சதுப்பு நிலத்தின் நடுவே ஆங்காங்கே கருங்கல் குன்றுகள் தலைதூக்கி நிற்கும். 1976-இல் அந்தக் குன்றுகளில் நூற்றை நூறு மணி நேரத்துக்குள் கடந்து செல்வதென்று ஒரு நடை. 1974-இல் அயர்லாந்து தேசத்தைக் குறுக்கே கடந்தபோது, மைலுக்கு ஒரு கல்லாகப் பக்கத்தில் கிடந்த கல்லை எடுத்துச் சாலையோரம் வைத்துக்கொண்டே போனார். 164 மைல், 164 கற்கள். அவ்வழியே சென்றவர்களில் எவராவது அவற்றைச் சிற்பமென்று நினைத்திருப்பார்களா? மாட்டார்கள். நினைக்க வேண்டுமென்று அவரும் எதிர்பார்க்கவில்லை.

1987-இல் செய்த நடையை நாம் இன்னும் சுவையுள்ளதாகக் கருதுகிறோம். கிழக்குக் கடற்கரையில் ஆல்ட்பரோ என்னும் ஊரில் ஒரு கூழாங்கல்லை எடுத்துக்கொண்டு, தேசத்தைக் குறுக்கே கடந்து, வேல்ஸ் நாட்டின் மேற்குக் கரையிலுள்ள அபரிஸ்ட்வித் கடற்கரையில் போட்டார். அங்கிருந்து ஒரு கல்லை எடுத்துத் திரும்ப நடந்து ஆல்ட்பரோவில் போட்டார். 20 நாட்களில் 626 மைல். இரண்டு கடற்கரைகளிலும் கற்களின் எண்ணிக்கை முன்போலவே இருந்தது. ஒரு மனிதனுடைய உழைப்பினால் இரு கற்கள் இடம் மாறின, அவ்வளவே.

இத்தகைய நடைகளில் சிலவற்றுக்குப் புகைப்படம் சாட்சி. சிலவற்றுக்குக் கோடு வரைந்த பூகோளப் படம் சாட்சி. சிலவற்றுக்கு ஒரு தாளில் அச்சிட்ட நாலைந்து வரிகளே சாட்சி. தூரம், காலம், இடம், கண்டது என்பவற்றுக்கு மேல் அவற்றில் ஒரு சொல்லும் அதிகம் இராது.

ஓர் உண்மையையும் இங்கே நினைவூட்ட வேண்டும். இங்கிலாந்தில் ஏழை எளியவர்கள் திறந்த வெளியில் நடப்பதுகூட ஒரு காலத்தில் குற்றமாக இருந்தது. மான்செஸ்டருக்கும் ஷெபீல்டுக்கும் இடையே கிண்டர் ஸ்கௌட் என்ற மேட்டு நிலம் பிரபுக்களின் பறவை வேட்டைக்கென்று அடைக்கப்பட்டிருந்தது. 1932 ஏப்ரல் 24-ஆம் தேதி நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் தடையை மீறி அதில் நடந்தார்கள். ஐவர் சிறை சென்றனர். பிறகு 1949-இல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது; 1951-இல் டார்ட்மூரும் தேசியப் பூங்காவாயிற்று. மண்ணை உடைமையாகக் கொள்ளாமலே அதன்மேல் நடக்கும் உரிமைக்காகப் பிறர் பட்ட பாட்டின் பயனை அனுபவித்த தலைமுறையில் வந்தவர் லாங். அவருடைய காலடிக்குப் பின்னால் அந்தச் சரித்திரமும் இருக்கிறது.

இரண்டு கோடுகள்

தாய்நாட்டோடு அவர் நின்றுவிடவில்லை. 1972-இல் தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் நடந்து நடந்தே ஒரு கோடு கிழித்தார். 1975-இல் இமயமலைச் சாரலில் கற்களைச் சேர்த்து ஒரு கோடு செய்தார். 1981-இல் பொலிவியாவில் ஒன்று. 1988-இல் ஸஹாரா பாலைவனத்தில் தரையைப் பூட்ஸ் காலால் தேய்த்து ஒரு கோடும், கற்களால் ஒரு வட்டமும் செய்தார். எங்கும் அதே முறை: அவ்விடத்துக் கல், அவ்விடத்து மண், உளியில்லை, சாந்தில்லை. படம் எடுத்த பிறகு காற்றுக்கும் மழைக்கும் விட்டுவிட்டுப் போய்விடுவார்.

பள்ளிக்கூடத்தில் பூகோளம் போதிக்கிறவர்களுக்கு இமயமலையில் ஆங்கிலேயர் ஒருவர் இட்ட கோடு என்றதும் வேறொரு கோடு நினைவுக்கு வரும். 1802-இல் வில்லியம் லாம்ப்டன் என்ற ராணுவ அதிகாரி, சென்னையை அடுத்த பரங்கிமலையருகே, நூறடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியைக்கொண்டு சுமார் 7½ மைல் நீளமுள்ள ஒரு நேர்கோட்டை அளந்தார். பாரத தேசம் முழுவதையும் அளந்த மகத்தான சர்வேக்கு அதுவே அடிக்கோடு. அங்கிருந்து முக்கோணம் முக்கோணமாக அளந்துகொண்டு போனார்கள். லாம்ப்டன் 1823-இல் இறந்த பின்பு ஜார்ஜ் எவரெஸ்ட் அந்த அளவையை இமயத்தின் அடிவாரம்வரை கொண்டு சென்றார். விஞ்ஞான ரீதியில் அது வியக்கத்தக்க சாதனை, சந்தேகமில்லை. ஆயினும் அளந்தவர்களின் நோக்கம் அறிவு மட்டுமன்று. அளந்த மண்ணை ஆள்வதும், வரி வாங்குவதும், படை நடத்துவதும் அதனுள் அடங்கியிருந்தன. மலைச் சிகரத்துக்கு அளந்தவரின் பெயரே சூட்டப்பட்டது.

ஏறத்தாழ 170 வருஷங்களுக்குப் பிறகு அதே ஜாதியைச் சேர்ந்த ஒருவர் அதே மலையில் கோடு ஒன்று இட்டார். அவர் எதையும் கொண்டுபோகவில்லை. எதற்கும் தம் பெயரை வைக்கவில்லை. கற்களை அங்கேயே விட்டுவிட்டார். முதற்கோடு மண்ணைக் கைப்பற்ற இட்டது. இரண்டாவது, மண்ணில் ஒருவன் வந்து போனான் என்பதை மட்டும் சொல்ல இட்டது. லாங்கின் கலையிலுள்ள பொருள் இந்த வேற்றுமையில்தான் அடங்கியிருக்கிறது என்பது நமது அபிப்பிராயம்.

புகழும் ஆட்சேபமும்

புகழ் அவரைத் தேடி வந்தது. 1976-இல் வெனிஸ் நகரத்து உலகக் கலைக் கண்காட்சியில் பிரிட்டனின் பிரதிநிதியாக 682 கற்களை வரிசையாக இட்டுக் காண்பித்தார். 1986-இல் நியூயார்க் கூகன்ஹைம் காட்சிச்சாலையில் அவருடைய வேலைகள் வைக்கப்பட்டன. பிரிட்டனில் டர்னர் பரிசு 1984-இல் ஏற்பட்டது. அவ்வருஷமும், 1987, 1988-ஆம் வருஷங்களிலும் அவர் பெயர் இறுதிப் பட்டியலில் இருந்தும் கிட்டாமற்போன பரிசு, 1989-இல் கிட்டியது. 2009-இல் ஜப்பானியக் கலைச் சங்கத்தின் பிரேமியம் இம்பீரியல் பரிசு. 2018-இல் 'ஸர்' பட்டம்.

ஆனால் ஆட்சேபங்களும் உண்டு. அவற்றை மறைப்பது நேர்மையாகாது.

முதலாவது, 'எவரும் செய்யக்கூடியதுதானே?' என்பது. ஆம், எவரும் செய்யலாம். லாங்கின் நடையில் அரிய வித்தை எதுவும் இல்லை. நடப்பதும், கல்லை எடுத்து வைப்பதும், கையால் பூசுவதும் மனித குலம் அனைத்துக்கும் பொதுவான செயல்கள். அதுவே அவருடைய பலம் என்பது நம் கட்சி. எவரும் செய்யக்கூடியதை அவர் கருத்தோடு, விதியோடு, ஆயுள் முழுவதும் செய்தார்.

இரண்டாவது ஆட்சேபம் சற்றுக் கடினமானது. காற்றுக்கும் மழைக்கும் விட்டுவிடுகிறவர் என்றால், காட்சிச்சாலைகளிலே கிடக்கும் கல் வட்டங்கள் எப்படி வந்தன? அவை சுரங்கத்திலிருந்து வாங்கிய கற்கள். கார்ன்வால் பிரதேசத்தின் டெலபோல் என்னுமிடத்தில் பல நூற்றாண்டுகளாகப் பலகைக் கல் வெட்டியெடுக்கிறார்கள். அத்தகைய கற்களை வண்டியில் ஏற்றி வந்து, கூடத்தின் தரையில் வட்டமாகவோ கோடாகவோ பரப்புகிறார்கள். அவை விலைக்கும் விற்கப்படுகின்றன. மண்ணை உடைமையாகக் கொள்ளாதவரின் கலை, பணம் படைத்தவர்களின் உடைமையாகிறது அல்லவா? இந்த முரண்பாட்டுக்கு முழு விடை இல்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். அக்கற்கள் ஒன்றோடொன்று ஒட்டப்படுவதில்லை; பிரித்து அடுக்கிவிட்டால் வெறுங்கற்களே. ஏவன் சேற்றினால் சுவரில் பூசிய ஓவியங்களோ, கண்காட்சி முடிந்ததும் பெரும்பாலும் வெள்ளையடித்து மூடப்படுகின்றன.

மூன்றாவதே நம் போன்ற தேசத்தார் கேட்க வேண்டிய ஆட்சேபம். லாங்கின் நிலப் படங்களிலே அநேகமாக மனிதர் எவரும் தென்படமாட்டார்கள். ஆனால் ஸஹாராவும் ஆண்டிஸும் இமயமும் ஆளில்லாத நிலங்களா? அங்கே ஆடு மேய்த்தும், உப்பு ஏற்றியும், தீர்த்த யாத்திரை சென்றும் தலைமுறை தலைமுறையாக நடந்தவர்களுடைய கோடுகள் எங்கே? 1989-இல் பாரீஸில் 'மண்ணின் மந்திரவாதிகள்' என்ற பெரிய கண்காட்சியில் இந்தப் பிரச்னை கண்கூடாயிற்று. ஆஸ்திரேலியாவின் யுவென்டுமு என்னும் ஊரைச் சேர்ந்த பழங்குடி மக்கள் தரையிலே தங்கள் மரபுச் சித்திரத்தை எழுதினார்கள். அதற்கு மேலே, சுவரில், லாங்கின் பெரிய மண் வட்டம். கீழே ஒரு சமூகத்தின் கூட்டு வேலை, மேலே ஒரு வெள்ளைக்காரரின் தனி வேலை என்று அந்த அமைப்பைச் சிலர் கண்டித்தார்கள். அமைப்பைத் தீர்மானித்தவர் யாராயினும், கண்டனம் காரணமற்றதன்று.

வார்லி நாட்டிலே

இதற்கு லாங் வாயால் சொன்ன பதிலைவிட, 2003-இல் காலால் சென்ற பயணம் கவனிக்கத் தக்கது. அவ்வருஷம் அவர் மகாராஷ்டிரத்தின் வடமேற்கே வார்லி மக்கள் வாழும் நாட்டுக்கு வந்தார். அங்கே ஜிவ்யா ஸோமா மஷே என்ற புகழ்பெற்ற ஓவியர் இருந்தார்.

சாணமும் மண்ணும் பூசிய சுவரில் அரிசி மாவுக் கரைசலால் வட்டம், முக்கோணம், சதுரம் என்ற வடிவங்களைக் கொண்டே உலகம் அனைத்தையும் எழுதுவது வார்லிகளின் மரபு. அரிசி மாவினால் வாசலில் கோலமிடும் நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு அதன் சுவையை விளக்க வேண்டியதில்லை. கல்யாணம் முதலிய சடங்குகளுக்காகச் சுமங்கலிப் பெண்கள் எழுதி வந்த அந்தச் சித்திரத்தை 1970-களில் மஷே நாள்தோறும் செய்யும் கலையாக்கினார். சிறு வயதில் தாயை இழந்தவர். அந்தத் துயரில் பேச்சை மறந்து, மண்ணில் கோடிழுத்தே மனத்தைத் தெரிவித்தார் என்று சொல்லுவார்கள். 2011-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர் 2018-இல் காலமானார்.

லாங் வார்லி நாட்டில் நடந்து, அந்நிலத்திலேயே தம் வேலைகளைச் செய்தார். அதே 2003-இல் டுஸெல்டார்ப் நகரத்துக் காட்சிச்சாலையில் இருவருடைய படைப்புகளும் சமமாக ஒருங்கே வைக்கப்பட்டன. 'உரையாடல்' என்று அதற்குப் பெயர். ஒருவர் கலாசாலையில் பயின்றவர்; மற்றவர் வீட்டுச் சுவரில் பயின்றவர். இருவர் கையிலும் இருந்தவை வட்டமும் கோடும், மண்ணும் நீரும்தாம். இந்த ஒரு கண்காட்சியினால் பழைய ஆட்சேபம் தீர்ந்துவிட்டதென்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஆளில்லாத நிலமென்று தோன்றிய இடத்தில், தமக்கு முன்பே கோடிட்டவர்களின் பக்கத்தில் ஒரு நடைக்காரர் வந்து அமர்ந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளலாம்.

நமக்கு என்ன?

இவையெல்லாம் தூர தேசத்துச் செய்திகளாயினும், நம் குடும்பங்களுக்கும் இவற்றில் ஒரு விஷயம் இருக்கிறது. யாத்திரை போனால் பாறையில் பெயர் செதுக்குகிறோம். மலையேறினால் குப்பையை விட்டு வருகிறோம். அழகான கல்லைக் கண்டால் பெட்டியில் வைத்துக்கொள்கிறோம். ஓர் இடத்தை நேசிப்பதென்றால் அதை எப்படியாவது நம்முடையதாக்கிக்கொள்வதென்று பழகிவிட்டோம். எடுக்காமலும் கெடுக்காமலும் ஓரிடத்தை முழு மனத்தோடு அனுபவிக்கலாம், அதற்கு இரண்டு கால்களும் கவனமும் போதும் என்பதை லாங்கின் வாழ்க்கை காட்டுகிறது. விடுமுறையில் பிள்ளைகளை வெளியே அழைத்துச் செல்லும் பெற்றோர், ஒரு நாள் வண்டியை விட்டு இறங்கி, இத்தனை மைல் என்று ஒரு விதி வைத்துக்கொண்டு அவர்களை நடக்கவிட்டுப் பார்க்கலாம். கண்டதை வீடு திரும்பியபின் நாலே வரியில் எழுதச் சொல்லலாம். பூகோளப் பாடம் அதைவிட நன்றாக மனத்தில் பதிய வேறு வழி இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

2015-ஆம் வருஷம், தமது எழுபதாம் வயதில், லாங் பிரிஸ்டலின் டவுன்ஸ் வெளிக்குத் திரும்பி வந்து, வெண்ணிறச் சுண்ணாம்புக் கற்களால் ஒரு கோடு இட்டார். சிறுவனாக ஓடி விளையாடிய வெளி. பனி உருண்டையை உருட்டிய வெளி. அந்தக் கோட்டுக்கு அவர் வைத்த பெயர் 'பிள்ளைப் பருவக் கோடு'. சில மாதங்களுக்கென்று இட்ட கோடு அது. அதன் பக்கத்தில் நாயோடு உலாவுகிறவர்களும், பந்து விளையாடும் பிள்ளைகளும் வழக்கம்போல் நடந்துகொண்டிருந்தார்கள்.